சுவருக்கு அந்தப் பக்கத்துச் சுருதி

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? லண்டனுக்கு வெகு வடக்கே, கால்டர் பள்ளத்தாக்கில் எங்கள் தெருவைப் போன்ற வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பது ஒற்றைச் சுவர். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கிருந்தபடியே "நூறு வயசு" சொல்லலாம். ஒருமுறை சொன்னேன். "ஒன் வேலையப் பாரு கண்ணு" என்று பதில் வந்தது.

பதில் சொன்னவள் மேவிஸ் ஆக்டன். (அவள் வயதுக்கு 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். யாரோ நகராட்சித் தலைவியைப் பற்றி எழுதுவது போலிருந்தது. அவளுக்கும் பிடிக்காது.)

புருஷன் ஹாரல்ட் போனதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் அடுக்களையில் ஓர் இசைத்தட்டைப் போடுவாள். அதில் ஒற்றைக் கிதார். அதோடு சேர்ந்து இவள் கான்செர்டினா வாசிப்பாள். அது இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பிடிக்கிற ஆறுகோணப் பெட்டி. உள்ளே துருத்தி, பக்கத்துக்குப் பக்கம் பொத்தான். தட்டு எப்போதும் ஒரே தட்டுதான். டெஸ் ஆர்மிடேஜ் என்பவர் 1972இல் வாசித்த 'சுவரின் ஈரப்பக்கம்'. வெளிவந்தபோது அதைக் கேட்க நாதியில்லை. அச்சடித்ததில் பாதியும் மூல ஒலிநாடாவும் ஆற்று வெள்ளத்தில் போயின. மீதியை டெஸ்ஸின் அத்தைமார்கள் வாங்கினார்கள்.

இந்த வசந்தத்தில் ஒரு மதியம் சுவர் தப்பாக ஒலித்தது. கிதார் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம்; சம்பந்திச் சண்டை போல. நின்றது, மறுபடி தொடங்கியது, மறுபடி சண்டை. மறுநாள் சத்தமே இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

சத்தம் வந்தால் நான் பாட்டுக்கு இருந்துவிடுவேன். சத்தம் நின்றால்தான் எனக்கு இருப்புக்கொள்ளாது. பேனாவை எடுத்தது அப்படித்தான்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தவை:

'மேவிஸ் ஆக்டன் அன்று கண் விழித்தபோது மூடுபனி மலையை—' (எங்கள் ஊரில் மூடுபனி இல்லாத நாள்தான் செய்தி. அடித்துவிட்டேன்.)

'இசை என்பது காலத்தின்—' (இதற்கு மேல் போனால் மேவிஸ் சுவரில் தட்டுவாள்.)

'ஒரு காலத்தில் டெஸ் ஆர்மிடேஜ், மேவிஸை—'

இந்த மூன்றாவதுதான் நான் எழுத விரும்பிய கதை. உங்களுக்கும் அதுதான் வேண்டும், எனக்குத் தெரியும். ஊகித்து எழுதுவதைவிடக் கேட்டுவிடலாமே என்று, பின்முற்றத்தில் அவள் துணி உலர்த்தும்போது கேட்டேன்.

"மேவிஸ், அந்தக் காலத்துல ஒங்களுக்கும் டெஸ்ஸுக்கும் நடுவுல ஏதாச்சும்...?"

"இருந்துச்சு."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் வாயிலிருந்த துணிக் கவ்வியை எடுத்து ஒரு தலையணை உறையில் மாட்டினாள்.

"நான் அவனுக்குச் சுருதி குடுத்தேன்."

"அவ்வளவுதானா?"

"அது போதாதா? அவன் பொண்டாட்டி அதுகூடக் குடுத்ததில்ல."

3

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பயப்பட வேண்டாம், சின்னதுதான்.

கிதாரின் கம்பியை முறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். கான்செர்டினா அப்படியில்லை. நம் ஆர்மோனியம் மாதிரி, செய்தவன் வைத்த சுருதி வைத்ததுதான். ஆகவே ஒரு கூட்டத்தில் இந்தப் பெட்டி இருந்தால் மற்றவர்கள்தான் அதற்கு இறங்கி வரவேண்டும். மேவிஸின் பெட்டிக்கு ஏறி வரவேண்டும். எங்கள் பக்கத்துப் பித்தளை வாத்தியக் குழுக்கள் அந்தக் காலத்தில் ஊருலகத்தைவிட ஏறத்தாழ கால் கட்டை தூக்கலாக வாசித்தன. அவர்களோடு வாசிக்கவென்று செய்த பெட்டிகளும் அதே தூக்கல். பிறகு குழுக்களெல்லாம் உலக சுருதிக்கு மாறின. பெட்டி எப்படி மாறும்?

'வெள்ளைக் குதிரை' பப்பின் மாடியில் வாராவாரம் நாட்டுப்பாடல் கிளப் கூடும். டெஸ் இளைஞனாக அங்கே கிதாரோடு வந்த நாளில் எல்லோருக்கும் சுருதி மேவிஸின் பெட்டிதான். வந்ததும் அவள் ஒரு பொத்தானை அழுத்திப் பிடிப்பாள். அத்தனை பேரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கம்பியை முறுக்குவார்கள். டெஸ்ஸுக்கு வாராவாரம் ஒரு கம்பி அறும்.

அந்த இசைத்தட்டைத் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளி அறையில் பதிவு செய்தார்கள். காலையில் மேவிஸ் வந்தாள், பொத்தானை அழுத்தினாள், டெஸ் கம்பியை முறுக்கி முடித்ததும் பெட்டியை மூடிக்கொண்டு ஆலை வேலைக்கு பஸ் பிடிக்கப் போய்விட்டாள். தட்டில் அவள் வாசிப்பு ஒரு நொடிகூடக் கிடையாது. அட்டையில் பெயரும் இல்லை. ஆனால் தட்டு முழுக்க அவள் சுருதி.

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இப்போது கிளப்பில் எல்லோர் கிதார் தலையிலும் ஒரு மின்கருவி கவ்விக்கொண்டிருக்கிறது. பச்சை விளக்கு எரிந்தால் சுருதி சரி. மேவிஸின் பெட்டிக்கு எந்த விளக்கும் பச்சையாக எரியாது. அவளை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. இங்கே யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். "நீங்க கொஞ்சம் கதவுகிட்ட ஒக்காந்து குலுக்கல் சீட்டு விக்கிறீங்களா மேவிஸ்?" என்றார்கள், அவ்வளவுதான். அப்படியாக, உலகத்தில் அவளோடு சுருதி சேர்கிற ஒரே ஆள் 1972ஆம் வருஷத்து டெஸ் என்றாயிற்று.

4

இனி ஜாஸ்பர்.

முதல் வரைவில் அவனை வில்லனாக வைத்திருந்தேன். லண்டன், கழுத்தில் சால்வை, மறந்துபோன தட்டுகளை மறுபதிப்பு செய்கிற சின்ன நிறுவனம். வில்லனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அவன் மேவிஸ் வீட்டு வாசலில் சொல்லாமலே ஷூவைக் கழற்றினான். அவள் சுட்ட கல் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டான். அதைக் கேட்டு வாங்கியவர்களை இந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை. வில்லன் கையை விட்டுப் போய்விட்டான்.

லீட்ஸில் ஒரு பழைய பொருள் கடையில் அவனுக்கு 'சுவரின் ஈரப்பக்கம்' கீறல் விழுந்த நிலையில் கிடைத்திருக்கிறது. கேட்டுவிட்டு ஒரு வாரம் வேறெதுவும் கேட்கவில்லையாம். டெஸ்ஸைத் தேடிப் பிடித்தான். டெஸ்ஸிடம் ஒரு படிகூட இல்லை. வெளிவந்த நாளிலிருந்து அவர் அதைப் போட்டுக் கேட்டதும் இல்லை. "மேவிஸ்கிட்ட இருக்கும். அவ எதையும் தூக்கிப்போட மாட்டா" என்று அனுப்பிவிட்டார்.

மேவிஸ் தன் தட்டைக் கொடுத்தாள். பிரசவ அறையில் பிள்ளையை வாங்குவது போல அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

"பத்திரமா கொண்டாந்து குடுத்துடுவேங்க. வெளியீட்டு விழாவுக்கு நானே எடுத்துட்டு வர்றேன்."

"அதுவரைக்கும் நான் என்னத்தக் கேக்குறது தம்பி?"

"புதுசு வந்ததும் மொதப் பிரதி ஒங்களுக்குத்தான்."

வந்தது. (அதுவரை சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி மட்டும் தனியாக ஒலித்தது.) கனத்த அட்டை, உள்ளே ஒரு கட்டுரை. அதில் 'தனிமை' என்ற சொல் மழைக்கால ஈசல் போல மொய்த்தது. மலையின் தனிமை, மூடிய ஆலைகளின் தனிமை, தன் காலத்தோடு ஒட்டாத ஒருவனின் தனிமை. பத்திரிகைகளும் அதையே பிடித்துக்கொண்டன. மேவிஸ் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"தனிமையாம்! தட்டுப் பதிவு பண்ண வாரம் பூரா அவன் எங்க வீட்லதான் கெடந்தான். நான், ஹாரல்ட், ஹாரல்டோட தம்பிங்க, அவங்க நாய். கழிவறைக்குப் போனாக்கூட வாசல்ல ஒருத்தன் நின்னு கதவத் தட்டுவான்."

அன்று மதியம்தான் சுவர் தப்பாக ஒலித்தது.

5

(இந்தப் பகுதியை வேடிக்கையாக எழுத முயன்றேன். வரவில்லை.)

மேவிஸுக்குத் தட்டின் மேல் சந்தேகமே வரவில்லை. கவனியுங்கள்: அச்சடித்த அட்டை, லண்டன் ஆட்கள், லட்சணமான கட்டுரை. தப்பு என்றால் தன்னிடம்தான் என்று எடுத்துக்கொள்வது இந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். அதோடு போன குளிர்காலத்தில்தான் அவளுக்குக் காதில் மெஷின் வைத்திருந்தார்கள். மெஷினோடு கேட்டாள், கழற்றிவிட்டுக் கேட்டாள். இரண்டிலும் பெட்டியும் கிதாரும் உரசின.

"காது போயிடுச்சு கண்ணு," என்றாள் என்னிடம், பால் விலை ஏறிவிட்டது என்பதைப் போல. "சத்தம் கேக்குது. சுருதி தெரியல. ஹாரல்டுக்குக் கண்ணு போன மாதிரி."

"பெட்டி பழசாயிருக்கலாம்ல?"

"பெட்டி நான் பொறக்கறதுக்கு முன்னாடியே பழசு."

வெளியீட்டு விழா 'வெள்ளைக் குதிரை' மாடியில், ஞாயிறு மதியம் என்று முடிவானது. டெஸ்ஸே வாசிப்பார். வழக்கம்போலக் குலுக்கலும் உண்டு. எங்கள் கிளப் குலுக்கலின் முறை இது: ஆளாளுக்கு வீட்டில் தேவையில்லாத ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். முதலில் சீட்டு விழுந்தவர் முதலில் தேர்ந்தெடுப்பார், அடுத்தவர் அடுத்து. ஆகவே விஸ்கி முதலில் போகும், பீச் பழ டப்பா கடைசியில் போகும். அந்த டப்பாவே அடுத்த வாரம் திரும்பி வரும். சட்டம் ஒன்றே ஒன்று: தான் வைத்ததைத் தானே திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்த ஒருவரைப் பற்றி இன்னமும் பேசுகிறோம். அவர் செத்துப் பல வருஷமாகிறது.

அந்த ஞாயிறு மேவிஸ் மேஜைமேல் பீச் டப்பாவுக்கும் குளியல் உப்புக்கும் நடுவே கான்செர்டினாவை வைத்தாள்.

"மேவிஸ்!" என்றேன்.

"வாசிக்கிறவங்க யாராச்சும் எடுத்துட்டுப் போகட்டும். எனக்கு எதுக்கு இனிமே? சீட்டு வாங்குறியா, இல்ல வழிய மறிச்சுட்டு நிப்பியா?"

பர்ஸில் இருந்ததற்கெல்லாம் சீட்டு வாங்கினேன். எனக்குப் பெட்டி வாசிக்கத் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கமாவது இருக்கட்டுமே என்றுதான்.

6

மாடி நிரம்பி வழிந்தது. லண்டனிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்; இருமக்கூடப் பயந்தார்கள். டெஸ் மேடையில் கிதாரோடு. முடி போய்விட்டது, விரல்கள் கொஞ்சம் முடிச்சு விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் பழைய பேச்சு.

"மறுபதிப்பக் கேட்டேங்க. அழுகையே வந்துடுச்சு. நான் இவ்வளவு சோகமாவா வாசிச்சேன்? அப்போ எனக்கு சோகமே கெடையாதே, எனக்குப் பசிதான்!"

சிரித்தார்கள். ஜாஸ்பர் எழுந்து, தட்டைச் செப்பனிட்ட கதையைச் சொன்னான். வெடிப்பு ஒலிகளை நீக்கியது, கரகரப்பை நீக்கியது.

"இன்னொரு புதிரும் இருந்துச்சு. தட்டு பூரா எந்த சுருதியிலயும் ஒக்காரல. ரெண்டு சுரத்துக்கு நடுவுல, சந்துல நின்னுச்சு. பதிவு செஞ்ச மெஷின் அன்னைக்கு சரியான வேகத்துல ஓடல போல. பாவம், டெஸ்! அதனால சுத்துற வேகத்தக் கொஞ்சம் கொறச்சோம். சுருதி தானா எறங்கி அதனோட எடத்துல ஒக்காந்துச்சு."

(முதல் வரைவில் இந்த இடத்தில், டெஸ் வாசித்த நடன மெட்டெல்லாம் இழவுப் பாட்டாகிவிட்டதென்று எழுதியிருந்தேன். விஷயம் தெரிந்த வாசகர் பிடித்துவிடுவார். கால் கட்டை இறங்கினால் நடை தளர்வது கொஞ்சம்தான். சூடான தேநீருக்கும், பேச்சு சுவாரசியத்தில் ஆறவிட்டுக் குடிக்கிற தேநீருக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் வித்தியாசம்தானே?)

நான் திரும்பி மேவிஸைப் பார்த்தேன். அவள் கையில் சீட்டுச் சுருள் இருந்தது. முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கை காதுக்குப் போனது. மெஷினைத் தொட்டுப் பார்த்தது, குழந்தை நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று பார்ப்பது போல. காது போகவில்லை. பெட்டியும் பழுதில்லை. சந்தில் நின்றது இவள், இவள் பெட்டியின் சுருதி.

அடுத்த கணம் அவள் பார்வை மேஜைக்குப் போனது. பெட்டி அங்கே, பீச் டப்பாவுக்குப் பக்கத்தில். வைத்தது வைத்ததுதான்.

"இடைவேளை!" என்றார் கிளப்பை நடத்தும் நார்மன். "அப்புறம் குலுக்கல், அப்புறம் டெஸ்!"

இப்போது நான் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கீழே பப்பில் பரிமாறும் பட்டாணி மசியல் தீர்ந்துவிடப் போகிறது என்று யாரோ சொன்னார்கள். நான் கீழே போனேன்.

7

ஆமாம். இத்தனை வருஷம் சுவரில் காது வைத்தவள், நடக்க வேண்டியது நடந்தபோது கையில் கிண்ணத்தோடு பட்டாணி வரிசையில் நின்றேன்.

எனக்குக் கேட்டது இவ்வளவுதான். நார்மனின் குரல் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னது. நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு மாடித் தரை வழியாக ஒற்றைச் சுரம், நீளமாக, துருத்தி முழுக்க விரிகிற அளவுக்கு. அதற்குப் பதில் சொல்வது போல ஒரு கிதார் கம்பி, மெல்ல மெல்ல மேலே—

அந்த நேரம் பார்த்து பப்காரி கிளாஸ் கழுவும் மெஷினைப் போட்டாள்.

மாடிக்கு ஓடியபோது டெஸ் வாசித்துக்கொண்டிருந்தார். வேகமாக. லண்டன் ஆட்களில் ஒரு பெண்ணின் கால் தாளம் போட்டது. அது அவளுக்கே தெரியவில்லை. மேஜையில் பெட்டி இல்லை. மேவிஸ் கதவருகே தன் நாற்காலியில், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. நடுவில் என்ன நடந்தது? கேட்டேன், கேட்டேன், அந்த வாரம் முழுக்கக் கேட்டேன்.

நார்மன் சொன்னது: "மொத சீட்டு டெஸ்ஸுக்குத்தான் விழுந்துச்சு. ஆளு விஸ்கியத் திரும்பிக்கூடப் பாக்கல. பெட்டிய எடுத்தாரு, நேரா மேவிஸ் மடியில வச்சாரு. 'சுருதி குடு புள்ள'ன்னாரு. எல்லாம் சட்டப்படிதான். பெட்டி இப்போ டெஸ்ஸோடது."

ஜாஸ்பர் சொன்னது, ரயிலுக்குப் போகும் வழியில், கொஞ்சம் வெளிறிப்போய்: "இல்லங்க, சீட்டு எடுக்கறதுக்கு முன்னாடியே அவங்க எழுந்து வந்துட்டாங்க. பெட்டிய எடுத்து என் மூஞ்சிக்கு நேரா ஒரு பொத்தான அழுத்துனாங்க. 'இதுதான் தம்பி ஒன் மெஷின் கோளாறு'ன்னாங்க. நார்மன் சட்டம் சட்டம்னு கத்துனாரு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "எல்லாரும் அந்தத் தனிமைக்காகத்தான் வாங்குனாங்க. இப்போ நான் என்ன பண்றது? ரெண்டு வேகத்துலயும் வெளியிடலாமா?" என்றான். என்னைக் கேட்கிறான்!

டெஸ் சொன்னது: "கம்பி அறுந்துச்சு. மூணாவது கம்பி. அந்த சுருதிக்கு ஏத்துனா அறும்னு எனக்குத் தெரியும்ல? ஏத்தினேன்."

மேவிஸ் சொன்னது: "பரிசுப் பொருளு காத்துப் புடிக்குதான்னு பாக்காம குடுக்கலாமா? அழுத்திப் பாத்தேன். அவ்வளவுதான். நீ ஏன் கீழ போன?"

அதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். குலுக்கலில் எனக்கு விழுந்தது பீச் டப்பா.

நான்கு பேர், நான்கு முடிவு. நார்மனுடையதில் நன்றி இருக்கிறது, ஜாஸ்பருடையதில் கோபம் இருக்கிறது, டெஸ்ஸுடையதில் என்னவோ இருக்கிறது, மேவிஸுடையதில் ஒன்றுமே இல்லை. அதனால் அதைத்தான் நான் இருப்பதிலேயே குறைவாக நம்புவேன். உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். முறை தெரியுமல்லவா, முதலில் சீட்டு விழுந்தவர் முதலில் எடுக்கலாம்.

8

இத்துடன் முடித்திருக்கலாம். மேலே உள்ள வரியை எழுதிவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். சுவர் ஒலித்தது.

பெட்டியும் கிதாரும். சண்டை இல்லை. இரண்டும் ஒன்றில் ஒன்று உட்கார்ந்து, வேகமாக, ஆறாத தேநீர் போல.

அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தேன். ஜாஸ்பர் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன் கொடுத்ததை நான் பார்த்தேன். ஆகவே இது பழைய தட்டு. மேவிஸ் வழக்கம்போலத் தனியாக. சரி. ஆனால் நார்மன் சொன்னது உண்மையானால் பெட்டி டெஸ்ஸுடையது. டெஸ்ஸுடைய பெட்டி இங்கே எப்படி வந்தது? கொண்டுவந்தவர் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனாரா, உள்ளே வந்து உட்கார்ந்தாரா?

காதை வைத்தேன். வேறென்ன செய்வேன்? கீறல் விழுந்த இடத்தில் வழக்கமாக வரும் 'டக்' இந்த முறை வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. பாட்டின் நடுவில் கிதார் தடுக்கி நின்றது. அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது. தட்டு அப்படித் தடுக்காது. (ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தால்?) பெட்டி நின்றது. மேவிஸின் குரல்:

"கம்பி அறுந்தா நான் பொறுப்பில்ல."

தட்டோடு பேசுகிற பழக்கமும் அவளுக்கு உண்டு. நானே கேட்டிருக்கிறேன், பலமுறை.

ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கினால் தெருவில் டெஸ்ஸின் கார் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். பின்முற்றத்துக்குப் போய் உலராத துணியை எடுப்பது போல நின்றால் அவள் அடுக்களை முழுக்கத் தெரியும். அதுவும் வேண்டாமென்றால் இருக்கவே இருக்கிறது இந்தப் பீச் டப்பா. திறக்கும் கருவி கடன் கேட்டு வாசலில் போய் நிற்கலாம்.

விரல் திரையில்தான் இருக்கிறது. இன்னும் விலக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறாள். யாரோ கம்பியை முறுக்குகிறார்கள், அல்லது முறுக்கவில்லை. நீங்களே கேளுங்கள். சுவரில் இன்னும் இடம் இருக்கிறது; நான் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன்.